பத்து மூட்டை எடையில் ஒரு கார்

ஐம்பத்து மூன்று வயதில், பட்டப்பகலில், பூட்டாத கதவுள்ள என் சொந்தக் காருக்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் வெளியே வர முடியாமல் கிடந்திருக்கிறேன். யாரும் கடத்தவில்லை. விபத்தும் இல்லை. நடுரோட்டில், உளுந்துச் செடியின் மேல், ஒரு மினி பஸ் நிறையப் பேர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்க, உட்கார்ந்திருந்தேன். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வெளியே வர வழி இருந்தது. அப்படி வந்தால் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு கீறல் விழும் என்பதால் வேண்டாம் என்று சொன்னவனும் நானேதான்.

தஞ்சாவூரில் எனக்கு பம்ப்செட் கடை. எங்கள் நிலத்தில் ஒரு துண்டு பைபாஸ் ரோட்டுக்குப் போனது. அதே மாதிரி நிலம் போனவர்கள் கிடைத்த நஷ்ட ஈட்டில் மாடி கட்டினார்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஊட்டிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஷெட்டில், கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு காரை வாங்கினேன். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. கதவு என் முழங்கால் உயரம்தான். கூரை என்று ஒரு துணி கொடுத்தார்கள். அதை மாட்டுவதற்குள் மழை நின்றுவிடும். ஓட வைக்க இரண்டு வருஷம் பிடித்தது.

அதோடு நின்றிருந்தால் ஊரில் ஓரளவு மரியாதை மிஞ்சியிருக்கும். திருச்சியில் ஒரு எலும்பு டாக்டர், இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கையோடு கொண்டுவந்த இன்னொரு இரண்டு சீட்டு வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். இதுவும் இங்கிலாந்து வண்டிதான், ஆனால் முதலாவதைவிட நாற்பது வயது இளையது. "ஏன் டாக்டர் விக்கிறீங்க?" என்று கேட்டேன். "முதுகு வலி" என்றார். எலும்பு டாக்டரே முதுகு வலி என்று விற்கிற வண்டியை, பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்தேன்.

வீட்டில் ஒன்றுக்குப் பழசு என்று பெயர், இன்னொன்றுக்குப் புதுசு.

இரண்டுக்கும் ஒரே மதம்: எடை கூடாது. நாற்பது வருஷம் இடைவெளி இருந்தும் இரண்டும் முக்கால் டன்னுக்கு அக்கம்பக்கம்தான். ஆனால் ஓட்டிப் பார்த்தால் மாமியாரும் மருமகளும் மாதிரி. பழசில் பிரேக் பிடிப்பது என்பது ஒரு மனு கொடுப்பது. மேலிடத்தில் பரிசீலித்து, அடுத்த மதகு வருவதற்குள் உத்தரவு வரும். புதுசு, நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே நின்றுவிடும். பழசின் ஸ்டீயரிங் மர வளையம். அதைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்து, "சரி, நீ சொல்றே" என்பது போலத் திரும்பும். புதுசில் மனசில் நினைத்தால் போதும். வெண்ணாற்றங்கரை ரோட்டில் நெளிவு நெளிவாக அது போகிற அழகைப் பார்த்தால், நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிடும். பழசு ஒருநாளும் அப்படிப்பட்ட சந்தேகத்துக்கு இடம் கொடுத்ததில்லை.

பழசில் ஏறுவது சுலபம். கதவைத் திறக்காமல் காலைத் தூக்கிப் போட்டாலே உள்ளே இருப்போம். ஸ்டார்ட் ஆவதுதான் அதன் இஷ்டம். புதுசு சாவி போட்டதும் உறுமும். ஏறுவதுதான் வித்தை. கதவு சின்னது, அதன் கீழே ஒரு முழம் அகலத்துக்கு அலுமினியத் திட்டு. முதலில் வலது காலை வெளியே விட்டுவிட்டு இடது காலை உள்ளே அனுப்ப வேண்டும், பிறகு இடுப்பு, பிறகு தலை, கடைசியாக மானம். இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக, கதவை முழுசாகத் திறந்துவைத்துக்கொண்டு. என் தொப்பைக்கு அந்த வண்டியில் தனி சீட்டு கிடையாது.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் மனைவி விழும் வரை.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டில் இரண்டு கார். அவள் போவது ஸ்கூட்டியில், பங்குனி வெயிலில். பழசு நின்ற இடத்திலெல்லாம் ஆயில் சொட்டும். ஒருநாள் காலையில் ஸ்கூட்டியை ஷெட்டிலிருந்து எடுக்கும்போது அந்த ஆயிலில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல். திருச்சி டாக்டரிடமே போனோம். கட்டுப் போட்டுவிட்டு, "வண்டி எப்படி இருக்கு?" என்று என்னிடம் விசாரித்தார்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"என்னங்க, நாலு பேர் உக்கார்ற மாதிரி, கூரை உள்ள கார் ஒண்ணு வாங்கப் போறேன். என் லோன்ல. அதுக்கு ஷெட்ல இடம் வேணும். ரெண்டுல எது போகுதுன்னு நீங்க சொல்லுங்க."

"யோசிச்சு சொல்றேன்."

"எப்ப?"

கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில் நான் வாயை விட்டேன். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குள்ள சொல்றேன். சொல்லலேன்னா நீயே முடிவு பண்ணிக்க. ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"எழுதித் தருவீங்களா?"

"வாய் வார்த்தை போதாதா?"

"போதும்" என்றாள். அந்தப் போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் பழசை விற்கலாம் என்று எழுந்திருப்பேன். சாயங்காலம் புதுசை விற்கலாம் என்று படுப்பேன். ஒரு பள்ளிக்கூட நோட்டில் இரண்டுக்கும் மார்க் போட்டேன். கூட்டிப் பார்த்தால் சமமாக வந்தது. திருத்திப் போட்டேன், அப்போதும் சமமாக வந்தது. சமமாக வரும்படிதான் போடுகிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஷெட்டுக்குள் போய் இரண்டுக்கும் நடுவில் நிற்பேன். நகர்வதற்கு இடமே இருக்காது.

ஞாயிறு மதியம் கடைசியாக ஒரு பரீட்சை வைத்துவிடலாம் என்று தோன்றியது. அம்மாபேட்டைக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் கரை ரோடு எனக்குப் பழக்கம். அதே ரோட்டில் முதலில் பழசு, அடுத்து புதுசு. பழசு ஸ்டார்ட் ஆகவில்லை. பத்து நிமிஷம் கெஞ்சினேன். புதுசை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மணி இரண்டு இருக்கும். வெயிலுக்காக முந்தின மாதமே அதற்குக் கெட்டிக் கூரையைப் போட்டு முடுக்கியிருந்தேன். அதைக் கழற்ற ஒரு சின்னச் சாவி வேண்டும். அது ஷெட்டில், ஆணியில் பத்திரமாகத் தொங்கியது.

எங்கள் பக்கம் பங்குனி சித்திரையில் ரோட்டில் உளுந்து காயும். நெல் அறுத்த வயலில் தெளித்த உளுந்து. செடியோடு பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி, காய்ந்த காயான நெத்து உடைந்து உளுந்து உதிரும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்கள். நாங்கள் ஒதுங்க மாட்டோம். செடி மேல் ஏற்றிப் போவதுதான் மரியாதை. ஒதுங்கிப் போனால், என்ன மனுஷன் இவன் என்று பார்ப்பார்கள்.

ஒரு மதகுக்குப் பக்கத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, தலையில் துண்டு கட்டிக்கொண்டு செடியைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தார். புரட்டின இடம் முழங்கால் உயரத்துக்குப் புசுபுசுவென்று நின்றது. என்னைப் பார்த்ததும் ஓரமாக நகர்ந்து, ஏறிப் போங்க என்று கையைக் காட்டினார்.

என் வண்டியின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பொம்பளை ஏறச் சொல்லும்போது ஒதுங்கிப் போவதா? ஏற்றினேன்.

அதே சமயம் எதிரே மினி பஸ் வந்தது. இடது பக்கம் ஒடித்தேன். செடி மொத்தமும் வண்டிக்கு அடியில் சுருண்டு, மெத்தை மாதிரி அடைந்து, வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பின்பக்கம் மட்டும் வழுக்கி வலது பக்கம் போனது. இடது மூக்கு மதகுச் சுவரில், அந்தப் பக்கக் கதவையும் சுவர் மறித்தது. வலது பக்கம் மினி பஸ் வந்து நின்றது. என் கதவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு பட்டாணி போகும். முதுகுக்குப் பின்னால் இருக்கிற எஞ்சின் சூட்டில் செடி கருகும் வாசனை வர, அவசரமாக அணைத்தேன். அணைக்கிற அவசரத்தில் மடியில் இருந்த போன் நழுவி, சீட்டுக்கும் அலுமினியத் திட்டுக்கும் நடுவே விழுந்தது. விரல் நுனி அதைத் தொட்டது. அவ்வளவுதான்.

பஸ் ஜன்னலிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார். நேராகக் கீழே.

"அண்ணே, உள்ள ஆள் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஒரு இஞ்ச் முன்னால எடுத்தா நாங்க போயிடுவோம். உங்க வண்டி பின்னாடி லேசா ஒரு கோடு விழும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். "வேணாம், வேணாம்! அசையாதீங்க!" என்று கத்தினேன்.

"அப்ப பின்னால எடுக்கட்டுமா?"

பஸ்ஸுக்குப் பின்னால் வைக்கோல் ஏற்றின டிராக்டர் ட்ரெய்லரோடு வந்து நின்றுவிட்டது. அதன் பின்னால் வரிசை. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்தால் வாய்க்காலில்தான் நிற்கும் என்றார் டிராக்டர்காரர்.

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வண்டியின் மூக்குப் பக்கமாக வந்து கூடினார்கள். இரண்டு பேர் குனிந்து செடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். பிடி பிடியாக அறுந்துதான் வந்தது. இறங்காதவர்களுக்கு நான் கண்ணுக்குக் கீழே ஒரு காட்சி.

"கதவைத் திறந்து வாங்களேன்" என்றார் ஒருவர்.

"கதவு திறக்காது."

"கூரையைக் கழட்டுங்க."

"சாவி வீட்ல இருக்கு."

"சாவி இல்லாம எப்படி வண்டியை ஓட்டிட்டு வந்தீங்க?"

விளக்கினேன். விளக்க விளக்க என் கட்சி பலவீனமாகிக்கொண்டே போனது.

ஜன்னலோரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் நிதானமாகக் கேட்டார். "தம்பி, இது என்ன விலை?"

சொன்னேன்.

"அவ்வளவு காசு குடுத்து இப்படிப் படுத்துக்கிட்டுப் போகணுமா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அப்போது போன் அடித்தது. சீட்டுக்கு அடியில், என் இடுப்புக்குக் கீழே, பூச்சி மாதிரி அதிர்ந்து அடித்தது. மனைவிதான். மணி மூன்று என்றார் கண்டக்டர்.

"நம்பர் சொல்லுங்கண்ணே, என் போன்ல போட்டுத் தரேன்."

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் நம்பர் எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷ மனைவி. இரண்டு கார்களின் சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் எனக்குத் தூக்கத்தில்கூட மனப்பாடம். அவள் நம்பர் ஒன்பதில் ஆரம்பிக்கும் என்பது வரை தெரிந்தது. கடை நம்பர் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு.

"சம்சாரம் நம்பர் தெரியாதாம்" என்று பஸ்ஸுக்குள் செய்தி போனது. ஒரு பெண் குரல், "எல்லா வீட்லயும் இப்படித்தான்டி" என்றது.

உள்ளே வெந்துகொண்டிருந்தேன். ஏசி இல்லை, ஜன்னலை இறக்கினால் பஸ்ஸின் தகரச் சூடு. பெரியவர் ஒரு தண்ணீர் பாட்டிலைத் துண்டில் கட்டி, என் கூரை உள்ளே சரிகிற இடைவெளியில் ஜன்னல் வழியாக இறக்கினார். குடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். பழசில் இந்த மாதிரி மாட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எழுந்து நின்றிருப்பேன். அவ்வளவுதான், எழுந்து நின்று, கதவுக்கு மேலே காலைப் போட்டு, மூக்கு வழியாக நடந்து இறங்கி, டீக்கடைக்குப் போயிருப்பேன். ஒரு வாரமாக நோட்டில் போட்ட மார்க்கில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஒரு வண்டி எப்படி ஓடுகிறது, எப்படித் திரும்புகிறது, எப்படி நிற்கிறது என்று பார்த்தவன், எப்படி ஆளை வெளியே விடுகிறது என்று பார்க்கவில்லை.

அந்த நிமிஷம் முடிவு தெரிந்துவிட்டது. பழசுதான். புதுசைக் கொடுத்துவிடலாம். இத்தனை நாள் வராத தெளிவு, தெளிவாகச் சொல்ல ஒரு வழியும் இல்லாத இடத்தில் வந்தது. இரண்டாவது முறை போன் அடித்தது. "பழசு! பழசு இருக்கட்டும்!" என்று சீட்டைப் பார்த்துக் கத்தினேன். மூக்குப் பக்கம் நின்றவர்கள் கொஞ்சம் பின்வாங்கினார்கள்.

மேற்கே மேகம் கூடியது. உளுந்துக்கார அம்மா அதுவரை வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை போன் அடித்து ஓய்ந்ததும் வண்டியின் முன் கண்ணாடிக்கு நேராக வந்து குனிந்தார்.

"சார், மழை வந்தா என் உளுந்து போச்சு. வண்டி ஏறவே இல்ல இன்னும். நீங்க ஒரு வழி பண்ணுங்க."

"நான் என்னம்மா பண்ணட்டும்?"

"இது என்ன எடை இருக்கும்?"

டீக்கடை டீக்கடையாக நான் பெருமை பேசிய விஷயத்தை முதல் முறையாக ஒருவர் தானாகக் கேட்கிறார். "எழுநூத்தம்பது கிலோம்மா. வெறும் எழுநூத்தம்பது!"

அவர் மனசுக்குள் வகுத்தார். "எழுவத்தஞ்சு கிலோ மூட்டைன்னா பத்து மூட்டை. பத்து மூட்டை நெல்லைத் தூக்க முடியாமயா இத்தனை ஆம்பளைங்க நிக்கிறீங்க?"

டிராக்டரில் வந்த சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"சாரையும் சேத்து பதினோரு மூட்டை" என்றார் அவர்களில் ஒருவர்.

பின்னால் ஆறு பேர், முன்னால் நாலு பேர். "ஏலே, புடி... தூக்கு!" வாழ்க்கையில் முதல் முறையாக என் கார் என்னோடு சேர்ந்து மேலே போனது. பின்பக்கத்தை ஒரு முழம் இடது பக்கம் நகர்த்தி வைத்தார்கள். பஸ் ஒரு கீறல் இல்லாமல் நகர்ந்தது. பஸ் ஜன்னலில் எல்லாரும் கை காட்டினார்கள். நானும் உள்ளேயிருந்து கை காட்டினேன், பல்லக்கில் போகிற மாப்பிள்ளை மாதிரி. இன்னொரு தூக்கில் செடியிலிருந்து இறக்கி வெறும் ரோட்டில் வைத்தார்கள். கதவைத் திறந்து, மானம் முதலாக எல்லாவற்றையும் வரிசையாக வெளியே எடுத்தேன். மணி நாலே கால்.

போனை எடுத்து அடித்தேன். அவள் எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து. ஷெட்டில் கார் எதுவும் இல்லை. பழசு நின்ற இடத்தில் ஆயில் கறை மட்டும், காவிரிப் படுகையின் வரைபடம் மாதிரி நாலைந்து கிளையாகப் பிரிந்து கிடந்தது. அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு தடவை போன் பண்ணேன். நாலு மணி வரைக்கும் பாத்தேன். அப்புறம் சொல்லிட்டேன்."

"எப்படிக் கொண்டு போனாங்க? மத்தியானம் ஸ்டார்ட்டே ஆகலையே?"

"மில்காரரு உக்காந்தாரு. ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆச்சு. அருமையான வண்டிங்கன்னு சொல்லிட்டு ஓட்டிட்டே போயிட்டாரு."

அதுதான் வலித்தது. போனதுகூட இல்லை, ஒரே தட்டில் போனது.

"நான் பழசுதான் வேணும்னு முடிவு பண்ணியிருந்தேன்" என்றேன்.

"எங்க வச்சு?"

"வண்டிக்குள்ள."

அவள் புதுசைப் பார்த்தாள். அதன் அடியிலிருந்து உளுந்துச் செடி தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னது ஞாபகம் இருந்ததால் நான் அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காபி போட்டுக் கொடுத்தாள், ஒரு கையாலேயே.

மூன்று வாரத்தில் அவளுடைய கார் வந்தது. வெள்ளை நிறம், நாலு கதவு, ஊரில் தெருவுக்கு ஐந்து இருக்கிற ரகம். புதுசு பக்கத்தில் நிற்கிறது. அவ்வப்போது உள்ளே ஏறி உட்காருகிறேன். ஏறினால் இறங்க வேண்டுமே என்று, ஏறுவதும் குறைந்துவிட்டது. மெக்கானிக் அதன் அடித் தகட்டைக் கழற்றியபோது, நெத்தும் செடியுமாக ஒரு பை நிறைய வந்தது. உதிர்த்துப் பார்த்தோம்; முக்கால் படி உளுந்து. அது அந்த அம்மாவுடைய பொருள். மனைவி வெள்ளைக் காரை எடுக்க, நான் பக்கத்தில் பையோடு உட்கார்ந்து, அதே வாய்க்கால் கரைக்குப் போனோம்.

மதகுக்குப் பக்கத்து வீடுதான். அந்த அம்மா பையை வாங்கி உள்ளே கையை விட்டு அளைந்து பார்த்தார். மழைக்கு முன்னால் எல்லாம் அள்ளிவிட்டாராம். எங்களுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக் காரை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தார்.

"அன்னிக்கு இதுல வந்திருக்கக் கூடாதா சார்? உங்க வண்டி ஏறின இடத்துல ஒரு நெத்துகூட உடையல."